பல கொடிகள் கண்ட படகு

நீருக்கடியில் தானே விரைந்து சென்று, பகைக்கப்பலின் அடிப்பகுதியைத் தாக்கி வெடிக்கும் படைக்கலமே டார்பிடோ. ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் ஒயிட்ஹெட் இதனை 1866இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ஃபியூமே நகரில் உருவாக்கினார். அந்நகர் அன்று ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். இன்று குரோவேசியாவின் ரியெக்கா. மலையொத்த போர்க்கப்பலையும் ஒரு சிறு கலம் வீழ்த்தலாம் என்னும் நிலை பிறந்தபின், விரைந்தோடும் டார்பிடோப் படகுகளைக் கட்டக் கடற்படைகள் போட்டியிட்டன.

அவ்வகையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு ட்ரியஸ்ட் நகரில் கட்டியவற்றுள் ஒன்று, 76 என்னும் எண் பெற்ற படகு. ஏறத்தாழ 58 மீட்டர் நீளம். 28 நாட் வேகம். நான்கு டார்பிடோக் குழாய்கள். 1914 ஜூலையில் பணி நிறைவுற்றது. அம்மாதம் 28ஆம் நாள் அப்பேரரசு செர்பியாமீது போர் அறிவித்தது.

1918 ஜூன் 10, வைகறை. சென்ட் இஷ்த்வான் என்னும் பெரும் போர்க்கப்பலை, லூயிஜி ரிட்ஸோ தலைமையிலான இத்தாலிய விசைப்படகு ஒன்று இரண்டு டார்பிடோக்களால் தாக்கியது. காவற்கலமாக உடன்வந்த 76, தப்பியோடிய அப்படகைத் துரத்தியது. இத்தாலியரோ தம் பின்னே, நீரில் அமிழ்ந்து வெடிக்கும் குண்டுகளை வீசித் துரத்தலைத் தடுத்துவிட்டனர். இருபதாயிரம் டன் எடையுள்ள அக்கப்பல் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் தத்தளித்துக் கவிழ்ந்தது. 89 பேர் மாண்டனர். டார்பிடோவை உலகுக்கு அளித்த பேரரசே அதற்கு இரையானது வரலாற்றின் கசப்பான முரண் எனலாம்.

போர் முடிவில் பேரரசு சிதைந்தது. அதன் கடற்படையை வென்றோர் பங்கிட்டனர். பெருங்கலங்கள் பிற நாடுகளுக்குச் சென்றன. செர்பியர், குரோவேசியர், சுலோவீனியர் இணைந்த புதிய அரசுக்கு, 1921இல் இவ்வகைப் படகுகள் எட்டுக் கிடைத்தன. 76, டி-1 ஆயிற்று. செர்பியாவுக்கு எதிரான போரில் களமிறங்கிய படகு, செர்பிய மன்னரின் கொடியை ஏற்றது! பின்னர் யூகோஸ்லாவியா எனப் பெயர்பெற்ற அவ்வரசு, பங்கீட்டில் ஒதுக்கப்பட்ட இப்படகுகளைக் கொண்டே தன் கடற்படையை வளர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் செறிந்த டால்மேசியக் கரைக்கு, ஆழம் வேண்டாத சிறு கலங்களே ஏற்றவை என்பதையும் நாம் நினைத்தல் வேண்டும்.

1941 ஏப்ரலில் அந்நாடு வீழ்ந்தபோது, எஞ்சியிருந்த ஆறு படகுகளையும் இத்தாலி கைப்பற்றியது. ஒருகாலத்தில் இத்தாலியப் படகைத் துரத்திய டி-1, இப்போது இத்தாலிக்காகக் கரையோரக் காவல் புரிந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் உடன்பிறந்த படகுகள் வெவ்வேறு கதிக்கு ஆளாயின. டி-3 செருமானியர் கைக்குச் சென்றது. 1945 பிப்ரவரியில், தான் கட்டப்பட்ட ட்ரியஸ்ட் துறைமுகத்திலேயே நேச நாட்டு வானூர்திகளின் குண்டுகளுக்கு இரையாகி மூழ்கியது. டி-1ஐ அதே 1943 டிசம்பரில் யூகோஸ்லாவியர் திரும்பப் பெற்றனர்.

போருக்குப்பின் மன்னராட்சி நீங்கிக் கூட்டாட்சிக் குடியரசு அமைந்தது. படகும் கொலெஷ்னிட்சா என மறுபெயர் கொண்டது. புதிய பீரங்கிகள் பொருத்தப்பட்டன. டார்பிடோக் குழாய்கள் அகற்றப்பட்டன. பிறந்தபோது பெற்ற தொழிலை இழந்தும், 1959 வரை அது கடலில் பணியாற்றியது.