விமானம் ஏன் வளைந்து போகிறது?

பிரவுசரில் ஃபிளைட்ரேடார்24 தளத்தைத் திறந்து ஏதாவது ஒரு விமானத்தைக் கிளிக் செய்யுங்கள். வந்த பாதை கோடாகத் தெரியும். சில இடங்களில் கோடு வளையும். வானிலை காரணமாக இருக்கலாம். விமானப்படைக்கு ஒதுக்கிய பகுதியாகவும் இருக்கலாம்.

இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் தாராளமாகக் கிடைக்கிறது, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

வழி எளிது. வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை அண்ணனும் தங்கையும் நேரம் பிரித்துப் பயன்படுத்துவதில்லையா? அதேபோல, படைக்குப் பயிற்சி இல்லாத நேரத்தில் குறுக்குப் பாதை திறக்கப்படும்.

சாஃப்ட்வேர் எழுதும் எனக்கு இதில் பெரிய சவாலாகத் தெரிவது தகவல்தான். பாதை திறக்கும் செய்தி தாமதமானால், சுற்றுப் பாதைக்கான எரிபொருளையும் சுமந்தே விமானம் கிளம்ப வேண்டும்!