உப்பளத்தின் கடிகாரத்தில் ஒரு கோடை முகாம்

ஓர் ஏரியைக் குழந்தைகளுக்குக் காட்ட இருப்பதிலேயே மோசமான நேரம் எது என்று கேட்டால், மே மாதத்தில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரம் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். நம் பள்ளிச் சுற்றுலாக்கள் அந்த ஆறு மணி நேரத்தில்தான் நடக்கின்றன. பஸ் வந்து நிற்கும். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தலையெண்ணுவார்கள். ஆசிரியர் ஒருவர் பெயர்ப்பலகையை உரக்கப் படிப்பார். புளிசாதப் பொட்டலம் பிரியும். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று வண்டி கிளம்பிவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை ஒட்டிக் கிடக்கும் கழுவெளி, தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. இனி அந்த பஸ்கள் இங்கேயும் வரத்தான் போகின்றன. வரட்டும். ஆனால் ஏரிக்கரை முகாம் என்ற ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தர நினைப்பவர்கள் பகல் சுற்றுலாவையே இரண்டு மூன்று நாளுக்கு நீட்டித்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. முகாமில் குழந்தைக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும்தான் கிடைக்கிறது.

முதலில், வீட்டை விட்டு வந்த இரவு. அமெரிக்காவில் பிரெடெரிக் கன் என்ற ஆசிரியர் 1861-இல் தன் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய்த் தங்கவைத்ததையே கோடை முகாமின் தொடக்கம் என்பார்கள். அன்று தொட்டு முகாம் நடத்துபவர்களுக்கெல்லாம் தலைவலி ஒன்றுதான்: ராத்திரி விளக்கணைத்ததும் கேட்கும் விசும்பல். கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வார முகாமில் தங்கிய 8 முதல் 16 வயது வரையிலான 329 சிறுவர்களில் 83 விழுக்காட்டினர் ஒரு நாளாவது வீட்டு நினைப்பில் வாடியதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் சிறு பகுதியினரே. ஆக, வீட்டு ஏக்கம் நோயல்ல, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துபோவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2007-இல் தந்த வழிகாட்டுதலில் நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு. “பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா அடுத்த நிமிஷம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்று வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள் என்பதே அது. கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னால் முடியாது என்று எங்களுக்கே தோன்றுகிறது என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அழுது, அடங்கி, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனும் அழுதுகொண்டிருந்தான் என்று காலையில் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்குக் கிடைத்ததை எந்த ஆளுமைப் பயிற்சி வகுப்பிலும் வாங்க முடியாது.

அடுத்தது இருட்டு. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தாலே பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2014-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திரை எதுவும் இல்லாத வெளிப்புற முகாமில் ஐந்து நாள் இருந்த 51 ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், வழக்கம்போல் ஊரிலேயே இருந்த 54 பேரைவிட, பிறர் முகத்தைப் பார்த்து மனநிலையை அறிவதில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இதைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் திரை இல்லாததா, ஐந்து நாள் ஒன்றாகக் கிடந்ததா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. இரவு பற்றிய சான்று இதைவிடத் திட்டமானது. கென்னத் ரைட் குழுவினர் 2013-இல் எட்டுப் பேரை மின்விளக்கே இல்லாமல் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தபோது, அவர்கள் உடலின் உட்கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு நகர்ந்தது. ஒரு வார இறுதி மட்டும் தங்கினாலே 1.4 மணி நேரம் நகர்கிறது என்பது அவர்களின் பிந்தைய கணக்கு. அப்படித் தங்கியவர்கள் பெரியவர்கள், எண்ணிக்கையும் சொற்பம் என்பது உண்மை. ஆனாலும் லீவு விட்டால் நள்ளிரவு ஒரு மணி வரை முழித்திருந்து பத்து மணிக்கு எழும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சும்மா கிடைக்கும் மருந்து. கழுவெளிக் கரையில் மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால், அடிவானத்துக்குச் சற்று மேலே திரிசங்கு நான்கு புள்ளிகளாக நிமிர்ந்து நிற்கும்; தென்கிழக்கில் விருச்சிகம் மேலேறிக்கொண்டிருக்கும். ஆட்காட்டி இரவிலும் கத்தும். யாரோ நடக்கிறார்கள் என்று அது கத்தியதைக் கேட்ட பிறகு, நடந்தது நாம்தான் என்று பிள்ளைகளுக்கு உறைக்கச் சற்று நேரமாகும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வெயில். மரக்காணத்து மே வெயிலில் கூடாரம் போட்டுப் பிள்ளைகளைக் கிடத்துவது கொடுமை அல்லவா? கொடுமைதான், நகரத்து நேர அட்டவணையோடு வந்தால். காலை ஆறரைக்கு யோகா, பத்து மணிக்குப் புதையல் வேட்டை, பன்னிரண்டுக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று அச்சடித்துக்கொண்டு வரும் முகாம் முதல் நாளே ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். ஆனால் அதே மண்ணில் அதே மே மாதத்தில்தான் உப்பளத் தொழில் உச்சத்தில் இருக்கிறது. உப்பளக்காரர்கள் வெயிலுக்குப் பிடி கொடுக்காத வேறு ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு நெடுநேரம் முன்பே டார்ச் வெளிச்சத்தில் பாத்தியில் இறங்குவார்கள். வெயில் ஏறும்போது கரையேறிவிடுவார்கள். முகாம் அந்தக் கடிகாரத்தை அப்படியே வாங்கிக்கொள்ளட்டும். நண்பகல் முழுக்கக் கூரைக்குக் கீழே தூக்கம், மோர், கதை. மாலை ஐந்துக்கு மேல் ஏரி. அதிகாலை நான்குக்கு உப்பளம். அந்த நேரத்தில் போகும் பிள்ளைதான் உப்பு எப்படி வருகிறது என்பதைப் பார்க்கும். கழிமுகத்து நீரோ நிலத்தடி உவர்நீரோ பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் மூன்று டிகிரியிலிருந்து இருபத்தைந்தைத் தொடும்போதுதான் சோற்றுப்பு கட்டத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிட்டிருக்கும். பாத்தியின் அடித்தளத்தைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருக்காவிட்டால் உப்போடு சேறும் வாரிக்கொண்டு வரும். நீண்ட கம்பு பூட்டிய பலகையை இழுத்து உப்பை வரப்போரம் ஒதுக்குவது பார்க்க எளிது. பத்து இழுப்பு இழுத்துப் பார்த்த பிள்ளை பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடும். அங்கே உழைப்பவர்களின் வெடித்த பாதங்களையும், வெண்மையின் கூச்சத்தில் சதா சுருங்கிய கண்களையும் அப்போதே பக்கத்தில் பார்த்துவிடும். பத்து மணிக்கு வரும் சுற்றுலா பஸ்ஸுக்கு மிஞ்சுவது ஆளற்ற உப்பு அம்பாரமும் அதன் முன் செல்ஃபியும்தான்.

பறவை ஆர்வலர்கள் வேறு ஆட்சேபம் சொல்வார்கள்: மே மாதத்தில் கழுவெளியில் என்ன இருக்கிறது? வலசைப் பறவைகள் பெரும்பாலும் திரும்பியிருக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், ஜனவரியில் வந்தால்தானே காட்சி என்பார்கள். காட்சிக்கு ஜனவரி சரிதான். ஆனால் ஜனவரியில் பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறை சில நாள். நீண்ட விடுமுறை கோடையில் மட்டுமே. அதைவிட முக்கியம், வற்றும் ஏரியும் ஏரிதான். மழையில் நிரம்பி, எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு கலந்து, கோடையில் உவர் ஏறிச் சுருங்குவதுதான் இதன் ஆண்டுச் சுற்று. நிரம்பியபோது மட்டும் பார்த்தவர்களே பின்னாளில் வற்றிய ஏரியை வெறும் தரிசு என்று கோப்பில் எழுதுகிறார்கள். சரணாலயத்துக்குள் கூடாரம் அடிப்பது நடக்காது, நடக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழையவே அனுமதி வேண்டும். எல்லைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் போதும். இதற்கெல்லாம் உள்ளூரில் வித்து இல்லாமல் இல்லை. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் அமைப்பு நடுக்குப்பம் அரசுப் பள்ளியோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் சூழல் கல்வி நடத்தி வந்திருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் கனமானதாகப் படுவது வேறொன்று. யார் பாய்க்கு அடுத்த பாய் யாருடையது? பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில் சீமான் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே ஒன்றாகத் தங்கவைத்தார். நம் பக்கத்தில், வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே சோறு போட்டது 1924-25-இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. பெரியார் காங்கிரஸை விட்டு விலக வழிவிட்ட பூசல்களில் அதுவும் ஒன்று. மரக்காணத்திலேயே 2013 ஏப்ரலில் சாதி மோதல் மூண்டு தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. பிள்ளைகளை ஒரே கூரைக்குக் கீழே படுக்கவைத்தால் போதும், எல்லாம் கரைந்துவிடும் என்று நினைப்பவர்கள் முசாபர் ஷெரிஃப் 1954-இல் ஒக்லஹோமாவில் 22 சிறுவர்களை வைத்து நடத்திய முகாமைப் பார்க்க வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து பகைத்துக்கொண்டவர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்தபோது சோற்றை வீசி அடித்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய் அடைபட்டது போன்ற இக்கட்டுகளை எல்லாருமாகச் சேர்ந்து சரிசெய்ய நேர்ந்த பிறகே பகை தணிந்தது. ஆய்வாளர்களே பகையைக் கிளறிவிட்டார்கள் என்ற விமர்சனம் பிற்பாடு வலுவாக எழுந்தது. அப்படியே இருந்தாலும் பகை தணிந்த விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. உவர் பூமியில் நல்ல தண்ணீருக்கு நடக்க வேண்டும். குடத்தை முறைவைத்துத் தூக்குவதும், அடுப்பில் முறைவைத்து நிற்பதும், பாத்திரம் கழுவுவதும் எல்லாருக்கும் பொது என்றால், அணி பிரித்துக் கோப்பை கொடுக்கும் போட்டிகள் தேவைப்படாது. சமையலுக்கு ஆள் வைத்துவிடும் முகாம்கள் தம் கையிலிருந்த நல்ல கருவியைத் தாமே வீசிவிடுகின்றன.

பாதுகாப்பு என்ற ஆட்சேபத்துக்குச் சமாதானம் சொல்லி நழுவ முடியாது. கழிமுகத்து நீரோட்டம் பொல்லாதது. குளியலே கிடையாது என்பதைத் தவிர வேறு விதி அங்கே செல்லாது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, பெண்பிள்ளைகள் தங்குமிடத்துக்குப் பெண் பொறுப்பாளர்கள் இருவராவது வேண்டும், பாம்புக்கடிக்கு மருந்துள்ள மருத்துவமனை எது, போக எத்தனை நிமிடம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவும் செய்ய இயலாதவர்கள் முகாம் நடத்த வேண்டாம். ஆனால் இரவு என்றாலே ஆபத்து என்பதும் சரியில்லை. சென்னையில் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல், பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு நடையை நடத்திவருகிறது. ஊர் உறங்கும் வேளையில் கல்லூரிப் பெண்களும் பையன்களும் மணலில் ஆமைத்தடம் தேடி நடப்பதை இத்தனை ஆண்டாகச் சென்னை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாகக் காசு. மழைக்காலத்தில் வேலையற்றுப்போகும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். தனியார் கோடை முகாம்கள் பலவற்றின் கட்டணம் அதைத் தாண்டும். ஆகவே முகாம் என்பது பணக்காரப் பிள்ளைகள் ஏழையின் வேலையை வேடிக்கை பார்க்கும் ஏற்பாடாகிவிடாதா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. மரக்காணத்துப் பிள்ளைக்கு உப்பளம் வேடிக்கை அல்ல, அம்மா விடியுமுன் கிளம்பிப்போகும் இடம். இதற்கு விடை இலவசச் சீட்டு நாலைந்து ஒதுக்குவதல்ல. முகாமில் பாதிப் பேர் அந்தக் கரையோர அரசுப் பள்ளிகளிலிருந்து வர வேண்டும். தண்ணீர் எங்கே ஆழம், எந்த வரப்பு கால் வைத்தால் உடையும் என்பதை அவர்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பலகை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி முழுதாகக் கொடுக்க வேண்டும். சென்னைப் பள்ளிகள் தங்கள் மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் இந்தப் பாதிப் பேருக்கான செலவும் அடங்கும்படி கணக்குப் போடலாம். அதில் எந்தப் பெற்றோராவது ஆட்சேபித்தால், அவர் பிள்ளைக்குப் பகல் சுற்றுலாவே போதும்.