தண்ணீர்க் கணக்கும் தலைக்கணக்கும்: கடக்வாஸ்லா ஓரம் ஒரு நோய் வந்தபோது

2025 ஜனவரி மாதம் சிங்கட் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு மறந்திருக்காது. பொங்கல் முடிந்த கையோடு ஒரு பெயர் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது: ஜி.பி.எஸ். காரில் வழி காட்டும் ஜி.பி.எஸ். இல்லை, கில்லன் பாரே சிண்ட்ரோம் என்கிற நரம்பு நோய். காலில் எறும்பு ஊறுகிற மாதிரி ஆரம்பித்து, இரண்டொரு நாளில் கால் துவண்டு, பிறகு கை, சிலருக்கு மூச்சு விடும் தசை வரைக்கும் போய்விடும். கடக்வாஸ்லா, கிர்கட்வாடி, நாந்தேட் (மராட்வாடாவில் இருக்கிற குருத்வாரா ஊர் வேறு, இது நம் பக்கத்துக் கிராமம்), தாயரி, நந்தோஷி என்று தெரிந்த பெயர்களாகவே செய்தியில் வந்தன.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சமயத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்று கேள்வி கேட்டார்களே, ஆஷா பணியாளர்களும் மாநகராட்சி ஆட்களும், அவர்கள் எதற்காகக் கேட்டார்கள்? நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், டாக்டர் பார்த்துக்கொள்கிறார். ஆரோக்கியமாக இருக்கிற நம்மிடம் 'தண்ணி எங்கேர்ந்து வருது, வீட்ல யாருக்காவது வயித்துப்போக்கு இருந்துதா' என்று கேட்டு என்ன ஆகப் போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது 'கூட்டமாக வந்த நோய்' என்று எப்படித் தெரிந்தது என்று பார்ப்போம். ஜி.பி.எஸ். புது நோய் கிடையாது. உலகம் முழுக்க வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புனே மாவட்டத்தில் ஏறத்தாழ 94 லட்சம் பேர். அப்படியானால் எந்த விபரீதமும் இல்லாத சாதாரண வருஷத்தில்கூட மாவட்டத்தில் 94 முதல் 188 பேருக்கு இந்த நோய் வந்தே தீரும். மாதத்துக்கு 8 முதல் 16 பேர். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. 2011-க்குப் பிறகு ஜனத்தொகை கூடியிருக்கிறது என்பதால் இதை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், அதிலும் பெரும் பகுதி ஒரே திசையிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். ஒரு வட்டாரத்தில் இரண்டு லட்சம் பேர் வசிக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அங்கே ஒரு முழு வருஷத்தில் எதிர்பார்க்கக் கூடியது இரண்டிலிருந்து நான்கு பேர். ஒரே வாரத்தில் அதைத் தாண்டினால் தற்செயல் என்று சொல்ல முடியாது. புள்ளியியலில் இதுதான் அடிப்படைப் பாடம்: மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, கீழே இருக்கிற எண்ணையும், அதாவது எத்தனை பேரில் என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் தொடக்கத்துக்குள் மாநில சுகாதாரத் துறையின் எண்ணிக்கை 220-ஐத் தாண்டியது. இறப்புகள் பத்துக்கு மேல்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஜி.பி.எஸ்.ஸை எண்ணுகிற ஒரு வலை ஏற்கெனவே இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. போலியோ ஒழிப்புக்காக, 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும் உடனே தகவல் கொடுத்து, மலம் சோதிக்க வேண்டும் என்பது விதி. அப்படித் துவண்ட குழந்தைகளில் போலியோ அல்லாதவர்களில் பலருக்கு இருந்தது ஜி.பி.எஸ்.தான். போலியோ இல்லாத இடத்திலும் லட்சம் குழந்தைக்கு வருஷத்தில் குறைந்தது ஒரு துவளல் கேஸாவது பதிவாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று அர்த்தமல்ல, தேடவில்லை என்று அர்த்தம். இப்படி 'வேறு நோய் போதுமான அளவு கிடைக்கிறதா' என்று பார்த்தே கண்காணிப்பின் தரத்தை அளந்தார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ கேஸ் 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு. ஆனால் 15 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வலை விரிக்கப்படவில்லை. அதனால் 2025-ல் பெரியவர்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டபோது, 'இந்த வாரம் ஏன் இத்தனை பேர்?' என்று டாக்டர்களே சந்தேகப்பட வேண்டியிருந்தது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. காரணம் என்ன? ஜி.பி.எஸ். தானாக ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. ஏதோ ஒரு கிருமி உள்ளே போய், ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், அந்தக் கிருமியை அடிக்க வந்த நம் எதிர்ப்புச் சக்தியே ஆள் மாறி நரம்பை அடிக்கிறது. காம்பிலோபாக்டர் ஜெஜுனி என்கிற பாக்டீரியா இதில் பேர் போனது. சரியாக வேகாத கோழிக்கறியிலும் அசுத்தத் தண்ணீரிலும் இருக்கும். நோயாளிகளின் மல மாதிரிகளை புனேயிலேயே இருக்கிற தேசிய வைரஸ் ஆய்வு நிலையம் சோதித்தபோது சிலருக்கு இந்தக் காம்பிலோபாக்டரும், சிலருக்கு நோரோவைரஸும் கிடைத்தன.

காம்பிலோபாக்டர் வயிற்றுப்போக்கு வந்தவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் ஜி.பி.எஸ். வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிருமியின் ரகத்தைப் பொறுத்து இந்த விகிதம் மாறும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது. ஆனாலும் நூறு பேர் வென்டிலேட்டர் பக்கம் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் பல ஆயிரம் வீடுகளில் யாருக்கோ ரெண்டு நாள் வயிறு சரியில்லாமல் இருந்து, 'ஹோட்டல்ல சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடித்து மறந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்கள் யாரும் வரமாட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வீட்டு வாசலுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. மாநகராட்சி, பிம்ப்ரி சிஞ்ச்வட், கிராமப் பகுதி என்று எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது இதனால்தான்.

அடுத்தது தண்ணீர். கடக்வாஸ்லா அணை 1879-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாக புனே குடிப்பது முட்டா நதித் தண்ணீர்தான். அணைக்கு அடியிலேயே இருந்த இந்தக் கிராமங்களில் பெரும்பாலானவை 2021-ல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. ஆனால் இணைத்த கையோடு சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய் வந்துவிடவில்லை. நாந்தேட் கிணற்றிலிருந்து ஏற்றி, குளோரின் போட்டு விடுகிற தண்ணீர்தான் பல வீடுகளுக்கு. போதாததற்கு டேங்கர், தெருமுனை ஆர்.ஓ. கேன். அணைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேன் தண்ணி வாங்குகிறோமே என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யார்?

கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? 'நோயாளிகளில் 90 சதவீதம் பேர் அந்தக் கிணற்றுத் தண்ணி குடிச்சவங்க' என்று செய்தி வந்தால் நாம் உடனே நம்பிவிடுவோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கணக்குக்காக எண்களை நானே வைக்கிறேன், இவை உண்மை எண்கள் அல்ல. 50 நோயாளிகளில் 45 பேர் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள். அதே வட்டாரத்தில் நோய் வராத 100 பேரைக் கேட்டால், அவர்களிலும் 90 பேர் அதே தண்ணீர்தான் என்கிறார்கள். அப்படியானால் கிணறு எதையும் சொல்லவில்லை. ஊரே அதைத்தான் குடிக்கிறது. மாறாக, நோய் வராதவர்களில் 40 பேர்தான் கிணற்றுத் தண்ணீர், 60 பேர் வேறு தண்ணீர் என்றால் கதை வேறு. நோயாளிகளில் 45-க்கு 5, மற்றவர்களில் 40-க்கு 60. ஒன்பதை மூன்றில் இரண்டால் வகுத்தால் பதிமூன்றரை. இந்தப் பதிமூன்றரைதான் 'வாய்ப்பு விகிதம்'. ஆக, நோய் வராத வீட்டின் பதிலும் நோயாளியின் பதிலுக்குச் சமமாகத் தேவைப்படுகிறது. 'எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லே, போங்க' என்று கதவைச் சாத்துகிறபோது நாம் கணக்கின் பாதியைச் சாத்திவிடுகிறோம்.

இந்த வித்தைக்கு மூதாதை லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ. 1854 காலராவின்போது தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி 1852-லேயே தேம்ஸ் நதியில் சாக்கடை கலக்காத மேல்பகுதிக்கு மாறிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி மாறவில்லை. ஸ்னோ வீடு வீடாகப் போய் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டார். பத்தாயிரம் வீட்டுக்கு இறப்பு: ஒன்றில் 37, மற்றதில் 315. காலராக் கிருமி எது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. தெரியாமலே தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டார். பம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் இந்த இரண்டு கம்பெனிக் கணக்குதான் அதைவிடப் பெரிய சாதனை.

வீட்டுக் கணக்கெடுப்பில் ஓட்டைகளும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் யோசித்து யோசித்து, பன்னீர், கோழி, பானிபூரி என்று எல்லாவற்றையும் சொல்வார். ஆரோக்கியமாக இருப்பவர் 'வீட்டுச் சாப்பாடுதாங்க' என்பார். இந்த ஞாபகக் கோணல் ஒன்றே பானிபூரிக்காரரைக் குற்றவாளியாக்கிவிடும். அடுத்தது பூட்டிய வீடு. கணவன் மனைவி இரண்டு பேரும் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போய்விட்டால் பகல் பதினோரு மணிக்கு வருகிற ஆஷா அம்மா என்ன எழுதுவார்? அவர்கள் வெளியே சாப்பிடுகிறவர்கள், கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள். கணக்கில் விடுபடுவதும் அவர்களே. அப்புறம் செய்தி பரவிய பிறகு, லேசாகக் கால் மரத்தவர்கூட டாக்டரிடம் ஓடுவார், டாக்டரும் எழுதி அனுப்புவார். அதனால் ஏறுகிற எண் முழுக்க நோயின் ஏற்றமல்ல. இதைச் சமாளிக்கத்தான் 'சந்தேகம்', 'உறுதி' என்று இரண்டு பட்டியல் வைத்தார்கள். நரம்பு மின்சோதனை, முதுகுத் தண்டு நீர்ச் சோதனை, இவற்றைப் பொறுத்து நிச்சயத்தைப் படிப்படியாகப் பிரிக்கும் பிரைட்டன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது.

இனி ஆஸ்பத்திரிக்கு உள்ளே வருவோம். குடும்பத்துக்குப் பெரிய கேள்வி மருந்து. ஐ.வி.ஐ.ஜி. என்கிற இம்யூனோகுளோபுலின் ஊசி ஒன்று இருபதாயிரம் ரூபாய் என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 60 கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம். செலவு எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மாநில அரசு இலவச சிகிச்சை அறிவித்தது. புனே நகரத்தவருக்குக் கமலா நேரு, பிம்ப்ரிப் பக்கத்தவருக்கு ஒய்.சி.எம்., கிராமத்தவருக்குச் சசூன் ஆஸ்பத்திரி.

இன்னொரு வழி பிளாஸ்மா மாற்றம். ரத்தத்தின் நீர்ப் பகுதியை வெளியே எடுத்து மாற்றுவது. எது மேல் என்று எப்படிச் சொன்னார்கள்? அதற்கு முதலில் 'தேறினார்' என்பதை எண்ணாக்க வேண்டும். 0 என்றால் முழு ஆரோக்கியம், 2 என்றால் துணையில்லாமல் நடக்கலாம், ஓட முடியாது, 3 துணையோடு நடை, 4 படுக்கை, 5 வென்டிலேட்டர், 6 மரணம். 1992-ல் நெதர்லாந்தில் 150 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு வாரத்தில் ஒரு படியாவது முன்னேறியவர்கள், பிளாஸ்மாவில் 34 சதவீதம், ஊசியில் 53 சதவீதம். ஊசியே ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் 1997-ல் 380-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய சோதனையில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. சின்ன எண்ணிக்கையில் வருகிற பெரிய வித்தியாசத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஊசி கிடைக்காத இடத்தில் பிளாஸ்மா மாற்றம் கிடைத்தால், 'ரெண்டாந்தர வைத்தியம்' என்று ஒரு குடும்பம் மனம் உடைய வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிகளை ஒப்பிடும்போதும் ஜாக்கிரதை. 'அங்க போனவங்கதான் நிறைய பேர் இறந்தாங்க' என்று நாம் பேசிக்கொள்கிறோம். வென்டிலேட்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மற்ற இடங்களிலிருந்து முற்றிய கேஸ்களை அனுப்புவார்கள். 5-ஆம் படியில் வருகிறவரையும் 2-ஆம் படியில் வருகிறவரையும் ஒரே சதவீதத்தில் போட்டால் நல்ல ஆஸ்பத்திரிதான் கெட்ட பெயர் வாங்கும். வந்த நாளில் எந்தப் படியில் இருந்தார், வயது என்ன, துவளல் தொடங்கி எத்தனை நாள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இறப்பு விகிதத்தையும் பாதியில் கணக்கிடக் கூடாது. பலர் இன்னும் வென்டிலேட்டரில் இருக்கும்போது இன்றைய இறப்பை இன்றைய கேஸால் வகுத்தால் பொய்யாகக் குறைவாகத் தெரியும். நல்ல சிகிச்சை கிடைத்தாலும் இந்த நோயில் 3 முதல் 10 சதவீதம் வரை இறப்பு உண்டு. ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் ஒருவர் துணையில்லாமல் நடக்க முடியாமல் இருக்கலாம். டிஸ்சார்ஜ் ஆனவர் கதி என்ன என்பதைச் செய்தித்தாள் கேட்பதில்லை. அதற்கும் ஆறாம் மாதம் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கேள்வி மராத்தியில் வரும். 'ஜுலாப்' என்றால் வயிற்றுப்போக்கு. 'முங்க்யா யேதாத் கா' என்று கேட்டால், எறும்பு வருகிறதா என்று சமையலறையைக் காட்டாதீர்கள். கை காலில் எறும்பு ஊறுகிற உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறார். நாமும் அப்படித்தானே சொல்கிறோம். வீட்டில் இருக்கிற பாட்டிக்கு மராத்தி வராது என்றால், கடந்த மாதம் யாருக்கு எப்போது வயிறு சரியில்லை, எந்தத் தண்ணீர், காய்ச்சினீர்களா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைக்கலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் ஒரு சின்னக் குப்பி கொண்டு வந்தால், முதல் வேலையாகக் குழாயிலிருந்தே பிடித்துக் கொடுங்கள், குடத்துத் தண்ணீர் வேண்டாம், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். குடத்தில் ராத்திரி முழுக்க இருந்த தண்ணீரில் அது ஆவியாகிப் போயிருக்கும், பழி குழாய் மேல் விழும்.