பலகையில் எழுதிய பெயர்

எங்கள் பள்ளி மூலிகைத் தோட்டத்தில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் செடி ஒன்று உண்டு. அதன் அருகே 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று பலகை எழுதி வைத்தது நான்தான். மூன்று ஆண்டுகளாக மாணவர்கள் அதைப் பார்த்து ஏட்டில் எழுதினார்கள். சிலர் கீரைக்கென்று வீட்டுக்கும் பறித்துச் சென்றார்கள்.

போன ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எங்க பாட்டி வீட்டுல இருக்கறது நீட்டு இலை சார், இது மூணா பிரிஞ்சிருக்கே" என்றாள். சமாளித்துப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, பக்கத்து நகரக் கல்லூரியின் ஹெர்பேரியத்துக்கு எடுத்துச் சென்றேன்.

ஹெர்பேரியம் என்பது உலர் தாவரத் தொகுப்பகம். செடியை அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, குடும்பம், பேரினம் வாரியாக அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். அங்கிருந்த தாள்களோடு ஒப்பிட்டபோது அந்தச் சிறுமி சொன்னதே சரியானது. எங்கள் தோட்டத்துச் செடி ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இலை மூன்று மடல்களாகப் பிரிந்திருப்பதைப் பெயரே சொல்கிறது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணி அதே பேரினத்தின் காலெண்டுலேசியா என்ற இனம். அதன் இலை மடல்களாகப் பிரியாமல் நீண்டிருக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியோ எக்லிப்டா என்னும் வேறு பேரினம். கீரை என்று பறித்துப் போன பிள்ளைகளை நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாளில் செடியைவிட முக்கியமானது வலது கீழ் மூலையில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டு. அறிவியல் பெயர், ஊர்ப்பெயர், சேகரித்த இடம், நாள், சேகரித்தவர், பூவின் நிறம், செடியின் உயரம் எல்லாம் அதில் இருக்கும். உலர்ந்தால் பூ நிறம் மாறும், மரத்தின் உயரம் தாளில் தெரியாது; அதனால் களத்திலேயே குறித்துவிட வேண்டும். சீட்டு இல்லாத தாள் வெறும் சருகு.

நம் மாநிலத்தில் இதற்குப் பெரிய இடம் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை ஹெர்பேரியம். பெயரில் சென்னை இருந்தாலும் தொகுப்பு இருப்பது கோவையில். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்கு உள்ளன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் உதவும். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் (1915-1936) இன்னும் பழையது. அதில் பல பெயர்கள் இப்போது மாறிவிட்டன.

வகுப்பில் செய்யப் பெரிய செலவில்லை. பழைய செய்தித்தாள், இரண்டு பலகை, மேலே வைக்கக் கனமான கல் போதும். முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூவோ காயோ இல்லாத கிளையை எடுக்க வேண்டாம். பெயர் கண்டுபிடிப்பது சிரமம். ஓரிரண்டு செடிகளே இருக்குமிடத்தில் புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. பெரிய தொகுப்பகங்களில் பூச்சி அரிக்காமலிருக்க நச்சு மருந்து இடுவதுண்டு. மாணவர் கையில் அது வேண்டவே வேண்டாம்.

பழைய பலகையைப் பிடுங்கிவிட்டேன். எங்கள் தொகுப்பின் முதல் தாள் அந்த ட்ரைலோபேட்டா. சேகரித்தவர் என்ற இடத்தில் அந்த மாணவியின் பெயர் இருக்கிறது. அவள் பாட்டி ஒரு பதியன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.