லவ் பேர்ட்ஸ் குஞ்சு: ஆணா, பெண்ணா?



"முட்டை ஏழு இருக்கு, ஒண்ணுகூட பொரிக்கலையே மேடம்" என்று குழு உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டார். போய்ப் பார்த்தோம். ஜோடி என்று வாங்கி வந்த இரண்டுமே பெண்! ஆண் இல்லாமலும் பெண் பறவை முட்டையிடும்; ஆனால் குஞ்சு வராது. உள்கடன் வாங்கிப் போட்ட பணம் முடங்கிப் போச்சு.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சின்னக் கிளி பெரும்பாலும் 'பட்ஜி'தான். சொந்த நாடு ஆஸ்திரேலியா. அலகுக்கு மேலே, மூக்குத் துளையைச் சுற்றியுள்ள சதையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இரண்டு மாதக் குஞ்சில்:

* ஆண்: சதை முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பு அல்லது ஊதா.
* பெண்: வெளிறிய நீலம், மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம்.

நீலத்தைப் பார்த்து ஆண் என்று ஏமாறுவது இங்கேதான். பளிச்சென்ற நீலம், வளர்ந்த ஆணுக்குத்தான். முட்டையிடும் பருவத்தில் பெண்ணுக்குப் பழுப்பாகிவிடும்.

குஞ்சா, வளர்ந்ததா என்று எப்படித் தெரியும்? பச்சை, நீலப் பறவைகளில் நெற்றிக் கோடுகள் அலகு வரை இருந்தால் குஞ்சு. 3-4 மாதத்தில் இறகு உதிர்ந்து, நெற்றி வெறுமையாகும்.

சிவப்புக் கண் உள்ள மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் கவனம் தேவை. அவற்றில் ஆணுக்கு வளர்ந்த பிறகும் சதை நீலமாகாது. இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் இருக்கும்.

சந்தேகமா? அவசரப்படாதீங்க. ஆறு மாதம் ஆன பறவையாக வாங்குங்கள். ஒரு வயதுக்குப் பிறகே ஜோடி சேருங்கள்.

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் மூக்கைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்!