தட்டைத் தள்ளும் பிள்ளைக்குப் புது ருசி பழக்குவது எப்படி?

இட்லி, தயிர் சாதம், பால், பிஸ்கட். மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு நாள் சாப்பாடு பல வீடுகளில் இந்த நான்கோடு முடிந்துவிடுகிறது. கீரையைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறது. சாம்பாரில் கிடக்கும் கேரட்டை விரலால் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறது. போன வாரம் வரை விரும்பிச் சாப்பிட்ட முட்டையை இன்று தொடவே மாட்டேன் என்கிறது. ஏழெட்டு மாதத்தில், பிசைந்து கொடுத்ததையெல்லாம் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட அதே பிள்ளைதான். அம்மாவுக்குக் கவலை, பாட்டிக்குக் கோபம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வளரும்போது வந்துபோகும் கட்டம்தான். பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம் அதைத் தணிக்கவும் செய்யும், முற்றவைக்கவும் செய்யும்.

பசி ஏன் குறைகிறது?

பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும் குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். அதற்குப் பிறகு ஐந்து வயதுவரை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ. வளரும் வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். ‘ஒரு வயசில் சாப்பிட்டதில் பாதிகூட இப்போது சாப்பிடுவதில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காலையில் மூன்று இட்லி சாப்பிட்ட பிள்ளை மதியம் நாலு வாயோடு எழுந்துவிடலாம். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்க்காமல், ஒரு வாரத்தில் என்னென்ன உள்ளே போனது என்று பாருங்கள். பல நேரம் கவலை பாதியாகக் குறைந்துவிடும். அளவுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வைத்துத் தொடங்கினால் போதும். மூன்று வயதுக்கு மூன்று கரண்டிப் பொரியல். வேண்டுமென்றால் பிள்ளையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

புதியதைக் கண்டால் ஏன் பயம்?

இரண்டு முதல் ஆறு வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு பின்வாங்கும் குணம் உச்சத்தில் இருக்கும். தத்தித் தத்தி நடந்து திரியும் பிள்ளை, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டு ஆபத்தில் சிக்காமல் காக்கும் பழைய தற்காப்பு உணர்வு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே வருபவை. தாய்ப்பால் இனிப்பு, நச்சுச் செடிகள் பலவும் கசப்பு.

கசப்பை நாக்கு எவ்வளவு தீவிரமாக உணர்கிறது என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. அண்ணன் கேட்டு வாங்கித் தின்னும் பாகற்காய் வறுவலைத் தங்கை துப்பினால், அது வீம்பு அல்ல. அவள் நாக்குக்கு அது இன்னும் கூடுதலாகக் கசக்கிறது.

பத்து முறையாவது தட்டில் வரட்டும்

பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச்சும் அவருக்குப் பின்வந்த ஆய்வாளர்களும் கண்ட முக்கியமான உண்மை இது: ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். நாமோ மூன்று, நான்கு தடவை மறுத்ததுமே ‘இவனுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதன்பின் அது அவன் தட்டுக்கு வருவதே இல்லை.

பீட்ரூட் பொரியலைப் பிள்ளை பழகிக்கொள்ளும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தட்டையே தள்ளிவிடும். சில நாள் கழித்து ஒரு துண்டை எடுத்து நசுக்கும். சிவந்த விரலை அம்மாவிடம் நீட்டிக் காட்டும். இன்னொரு நாள் நுனிநாக்கால் தொட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கும். பிறகு வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்று துப்பிவிடும். துப்பியதும் நாம் தோற்றுவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் தொடுவதும் முகர்வதும் நக்குவதும் துப்புவதும் எல்லாம் பழகும் படிகளே. துப்புவதற்கு ஒரு சின்னக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து, ‘பிடிக்கலைன்னா இதுல போட்டுடலாம்’ என்று சொல்லிவைத்தால், அடுத்த தடவை வாயில் போடும் தைரியம் தானாக வரும்.

புதிய உணவு ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போதும். அதையும் ஒரு டீஸ்பூன் அளவுக்கு, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பருப்பு சாதத்தின் பக்கத்தில் வையுங்கள். நல்ல பசி இருக்கும் வேளையாகப் பார்த்து, சாப்பாட்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடியும் வரட்டும்.

‘இன்னும் ஒரே ஒரு வாய்’

கிண்ணத்தோடு பின்னால் ஓடுவது, பூச்சாண்டியைக் கூப்பிடுவது, மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது. இவை அந்த ஒரு வேளையை ஒப்பேற்றும். அடுத்த வேளையை இன்னும் கடினமாக்கும். 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்து ‘குடித்து முடி’ என்று வற்புறுத்திப் பார்த்தார்கள். வற்புறுத்தாதபோதுதான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். வற்புறுத்தப்பட்ட சூப்பைப் பற்றி நிறையக் குறையும் சொன்னார்கள்.

‘கீரை சாப்பிட்டால் சாக்லேட்’ என்ற பேரமும் இதே கதைதான். கூலி கொடுத்துச் சாப்பிட வைக்க வேண்டிய அளவுக்குக் கீரை மோசமானது என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. சாக்லேட்டின் மதிப்புதான் கூடுகிறது. செல்போனைக் கையில் கொடுத்து ஊட்டினால் கிண்ணம் காலியாகும். ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு எப்போது நிறைந்தது என்று பிள்ளைக்குத் தெரியாமலே போகும். புது ருசியைப் பழகக் கண்ணும் மூக்கும் தட்டின் மேல் இருக்க வேண்டும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் இதற்கு ஒரு தெளிவான பொறுப்புப் பிரிவினையைச் சொன்னார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி போதும். தலையைத் திருப்பிக்கொண்டால் தட்டை எடுத்துவிடலாம். திட்டவும் வேண்டாம், உடனே நூடுல்ஸ் கிண்டிக் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த வேளை வரத்தானே போகிறது.

பசியை அடைக்கும் பாலும் பிஸ்கட்டும்

‘சாப்பிடவே மாட்டேங்குறான், பாலாவது குடிக்கட்டும்’ என்று நாளைக்கு நான்கு டம்ளர் பால் கொடுக்கும் வீடுகள் உண்டு. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் பால் தேவையில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் தடுக்கும். பாலால் வயிறு நிறைந்தால் சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்தால் ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசியே எடுக்காது. இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது.

சாப்பாட்டுக்கும் நொறுக்குத் தீனிக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும். இடையில் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். டீ, காபியை இந்த வயதில் பழக்கவே கூடாது. நாலு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் நன்றாக வெந்து குழைந்த சுண்டல், வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுக்கலாம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

பிள்ளைக்குப் பிடித்த உணவிலிருந்து ஒரு சின்ன அடி மட்டும் தள்ளிப் போங்கள். உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்குமா? அதே மசாலாவில் சேப்பங்கிழங்கையோ சேனையையோ வறுத்து இரண்டு துண்டு கூட வையுங்கள். பருப்பு சாதம் பிடித்தால், அந்தப் பருப்போடு சிறுகீரையைச் சேர்த்துக் கடையலாம். தோசை பிடித்தால் கேழ்வரகு தோசை, பிறகு முருங்கைக்கீரை போட்ட அடை. கீரை சாதத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ருசியும் கூடும், அதிலுள்ள இரும்பும் நன்றாக உடலில் சேரும்.

காய்களை அரைத்து மாவில் மறைத்துக் கொடுப்பது சத்துக்கு உதவும்; பழக்கத்துக்கு உதவாது. தோசையில் கண்ணுக்குத் தெரியாமல் கேரட் தின்ற பிள்ளை, கூட்டில் கேரட்டைக் கண்டால் மறுபடியும் ஒதுக்கத்தான் செய்யும். மறைத்துக் கொடுக்கும் அதே நாளில் அந்தக் காயைக் கண்ணுக்குத் தெரியவும் ஒரு துண்டு வையுங்கள்.

சமையல் வேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதும் நல்ல பலன் தரும். முருங்கைக்கீரை ஆயும்போது ஒரு இணுக்கைக் கையில் கொடுத்தால், உருவிய இலைகளில் பாதி முறத்துக்கு வெளியே விழும். அரை மணி வேலை ஒரு மணி ஆகும். ஆனாலும் தன் கைபட்ட கீரை தட்டில் வரும்போது பிள்ளை அதை அந்நியமாகப் பார்க்காது.

பெரியவர்கள் தட்டிலும் கவனம் வேண்டும். கத்திரிக்காயை அப்பா ஓரமாக ஒதுக்கிவைத்தால், மகன் அதைச் சாப்பிடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் தொடாத கிச்சடியை அங்கன்வாடி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதன் ரகசியம் அதுதான்.

ஒரு வயதுக்கு முன்பே போடும் அடித்தளம்

கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் சாப்பிடும் உணவின் வாசம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தையை எட்டுகிறது. 2001-ல் வெளியான ஜூலி மென்னெல்லாவின் ஆய்வில், கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள் பின்னாளில் கேரட் ருசியுள்ள உணவை எளிதில் ஏற்றுக்கொண்டார்கள். தாய்க்குப் பத்தியச் சாப்பாடு மட்டுமே போட்டு, காய், கீரைகளை விலக்கிவைப்பதை இனியாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவைத் தொடங்க வேண்டும். மிக்ஸியில் மைய அரைத்த கூழையே ஒரு வயதுவரை கொடுக்கக் கூடாது. எட்டு, ஒன்பது மாதத்துக்குள் கையால் மசித்த, சிறு கட்டிகள் உள்ள சாப்பாட்டுக்கு மாறுங்கள். மென்று தின்னப் பழகும் பருவத்தைத் தவறவிட்ட குழந்தைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு எச்சரிக்கை: ஐந்து வயதுவரை முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டியான பச்சைக் கேரட் துண்டு கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டுவைக்கவே கூடாது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

• எடை கூடாமல் நிற்பது, அல்லது குறைவது.
• விழுங்கும்போது இருமல், மூச்சுத்திணறல், அடிக்கடி வாந்தி.
• சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போவது.
• மண், பல்பம், சுண்ணாம்பு தின்பது. இது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம்.
• தீராத மலச்சிக்கல்.
• சாப்பாட்டுப் பிரச்சினையோடு பேச்சு வருவதிலும் தாமதம்.

மருந்துக்கடையில் நீங்களாகப் பசி டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

நாளைக்குச் சமைக்கும் பொரியலில் ஒரு டீஸ்பூனைப் பிள்ளையின் தட்டோரம் வையுங்கள். சாப்பிடச் சொல்லாதீர்கள், சாப்பிட்டாலும் ஊர்கூட்டிப் பாராட்டாதீர்கள். நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள். மறுத்தால் மூன்று நாள் கழித்து மறுபடியும் வையுங்கள். பரிமாறும் பொறுப்பு உங்களுடையது. எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளையின் வயிற்றுக்கு விட்டுவிடுங்கள்.