மொலி ஷொய்கெட்டும் ஒரு ஜெல்லும், சில விருதுகளும்

போன எபிசோட்டில மொலி ஷொய்கெட்டின்ட பெயரைச் சொல்லிப்போட்டு, விருதுகளை அடுக்கிக்கொண்டு போயிட்டம். "அவ என்னதான் செய்தவ? இதெல்லாம் எப்பிடிக் கிடைக்குது?" எண்டு கேட்டிருந்தீங்கள். நல்ல கேள்வி.

அவ ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். இரசாயனப் பொறியியல், உயிர்மருத்துவப் பொறியியல் ரெண்டிலயும் வேலை செய்யிறா. அவவின்ட ஆய்வுகூடத்தின் முக்கியமான பொருள் ஹைட்ரோஜெல். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற மென்மையான ஜெல்.

மொன்றியல் ஆக்களுக்கு இதை ஜான்-டலோன் சந்தையை வச்சே விளங்கப்படுத்தலாம். 1933இல் தொடங்கின அந்தச் சந்தையில நான் கோடையில ஸ்ட்ரோபெரி வாங்கி ஜாம் காய்ச்சிறனான். ஜாம் சூட்டில தண்ணியா ஓடும், ஆறினாத்தான் இறுகும். மெதில்செல்லுலோஸ் இதுக்கு நேர்மாறு: குளிரில இளகும், சூட்டில இறுகும். ஷொய்கெட் குழு அதோட ஹையலூரோனான் எண்ட பொருளையும் சேர்த்தது. அது எங்கட மூட்டிலயும் கண்ணிலயும் இயல்பாவே இருக்கிறது. இந்தக் கலவை மெல்லிய ஊசிக்குள்ளால போகும். உடம்புக்குள்ள போனதும் இறுகி அந்த இடத்திலயே நிண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும்.

இது ஏன் முக்கியம்? இரத்தத்தில குடுக்கிற பல மருந்துகள் மூளைக்கும் முள்ளந்தண்டு வடத்துக்கும் போய்ச்சேராது. இடையில ஒரு தடுப்பு இருக்கு. அதால மருந்தைக் காயம் பட்ட இடத்திலயே வைக்கப் பார்க்கினம். முள்ளந்தண்டு ஆய்வு பெரும்பாலும் விலங்குகளில நடந்தது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் எண்டு நினைக்க வேண்டாம்.

இப்ப விருதுகள். எல்லாம் ஒண்டில்லை, மூண்டு வகை இருக்கு.

முதலாவது, சக அறிஞர்கள் தெரிவு செய்யிற அக்கடமி. கனடாவின் அறிவியல், பொறியியல், சுகாதார அறிவியல் அக்கடமிகள் மூண்டிலயும் அவ உறுப்பினர். 2019இல் லண்டன் றோயல் சொசைட்டியும் தெரிவு செய்தது.

இரண்டாவது, காசோட வாற பரிசு. 2015இல் லோரியல்-யுனெஸ்கோ, 2017இல் கிலாம், 2020இல் ஹெர்ஸ்பெர்க் தங்கப் பதக்கம். ஹெர்ஸ்பெர்க்கில அஞ்சு வருசத்துக்கு 10 இலட்சம் டொலர் வரைக்கும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும். அதைப் பெற்ற முதல் பெண் எங்கட மக்கில் பல்கலைக்கழக வானியற்பியலாளர் விக்டோரியா காஸ்பி, 2016இல்.

மூன்றாவது, அரசு மரியாதை. ஓர்டர் ஒவ் ஒன்ராறியோ (2011), ஓர்டர் ஒவ் கனடா.

இதில ஒரு விசயம் கவனியுங்கோ. 2017 நவம்பரில ஒன்ராறியோவின் முதலாவது தலைமை விஞ்ஞானியா அவவை நியமிச்சவை. 2018 யூலையில, அரசாங்கம் மாறின கையோட, பதவி போயிட்டுது. அடுத்த வருசமே றோயல் சொசைட்டி. பதவியை எடுக்கலாம், சக ஆக்கள் பாராட்டின வேலையை எடுக்கேலாது.

எங்கட ஆக்களுக்கும் இதில ஒரு வேலை இருக்கு. "தமிழ் ஆக்களை ஆர் கணக்கெடுக்கினம்?" எண்டு வீட்டில கேட்டிருப்பீங்கள். ஓர்டர் ஒவ் கனடாவுக்கு ஒருத்தர் தானே விண்ணப்பிக்க ஏலாது. வேற ஆராவது பரிந்துரைக்க வேணும். ஆனா அந்த "ஆராவது" நீங்களாவும் இருக்கலாம், பெரிய ஆளா இருக்கத் தேவையில்லை. அவரை நல்லாத் தெரிஞ்ச சிலரின்ட ஆதரவும் வேணும். முடிவு வர வருசக்கணக்கில எடுக்கலாம். இறந்தவரைப் பரிந்துரைக்க ஏலாது, அதால ஆறப்போட வேண்டாம்.

எங்கட அம்மா அப்பாக்களுக்கு இந்தப் படிவங்களின்ட ஆங்கிலமும் பிரெஞ்சும் கஷ்டம். எங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. உங்கட ஊரில முப்பது வருசமா சத்தமில்லாம வேலை செய்யிற ஒராளை யோசிச்சு, அவர் செய்ததை ஆண்டு வாரியா எழுதத் தொடங்குங்கோ.